வெட்டுகிறவன் அளக்கக் கூடாது

ஓட்டை பெரிதானால் காற்று அதிகம் போகும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் மீட்டர் அக்காவுக்கு ஆகாது. பட்டறைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அதைத்தான் சொல்வார்கள். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றித் துணியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்கி வருவது போலத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் கிடத்துவார்கள். காற்று உள்ளே போகிற வழியான போர்ட்டைக் காட்டி, "நல்லா பெருசா தோண்டிக் குடுங்கக்கா" என்பார்கள். "கிணறா தோண்டறோம்?" என்று அவள் கேட்பாள். வந்தவர் சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள்.

காற்றுக்கு ஓட்டமும் உண்டு, பிடிவாதமும் உண்டு. போர்ட் வழியாக வேகமாக நேரே வருகிற காற்று, வால்வுக்குச் சற்று முன்னால் சட்டென்று கீழே திரும்பி சிலிண்டருக்குள் இறங்க வேண்டும். திரும்புகிற அந்த மூலையின் உட்பக்கத்தில், போர்ட்டின் தரை முடிகிற இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு மேடு ஒன்று இருக்கும். உள்வளைவு என்று பட்டறையில் அதைச் சொல்வார்கள். அது உருண்டையாக இருந்தால் காற்று அதை ஒட்டிக்கொண்டே திரும்பும். ஆசைப்பட்டுக் கொஞ்சம் அதிகமாகச் சீவிவிட்டால் மேடு தாழ்ந்து முனையாகிவிடும். காற்று சுவரை விட்டு விலகிச் சுருண்டு, தன் வழியைத் தானே அடைத்துக்கொள்ளும். ஓட்டை பெரிதாகியிருக்கும், போகிற காற்று குறைந்திருக்கும்.

இதை அவள் எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரிக்கா, ஆனாலும் கொஞ்சம் பெருசா..." என்று இழுப்பார்கள். அதற்கு மேல் அவள் வாயைத் திறப்பதில்லை. அவள் கணவர் உள்ளேயிருந்து வந்து ஹெட்டை வாங்கி, வலது கை ஆள்காட்டி விரலை போர்ட்டுக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். வந்தவர் கப்சிப் என்று ஆகிவிடுவார்.

விரல்காரர் என்றுதான் சுற்றுவட்டாரத்து மெக்கானிக்குகள் அவரைச் சொல்வார்கள். உள்ளே கண் எட்டாத இடத்தில், கையில் பிடிக்கிற கிரைண்டரால் சீவிவிட்டு, விரலை விட்டுத் தடவி, மறுபடி சீவுவார். ஒரு ஹெட்டில் நான்கு போர்ட் இருந்தால் நான்கும் அச்சில் வார்த்த மாதிரி இருக்க வேண்டும். ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் காற்று வாங்கினால் எஞ்சின் நொண்டும். அவருடைய நான்கு போர்ட்டுக்கும் நடுவில், காற்றை அளக்கிற குழாயில் ஒரு கோட்டுக்கு மேல் வித்தியாசம் வந்து அவள் பார்த்ததில்லை.

அவளை மீட்டர் அக்கா ஆக்கியதும் அவர்தான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அளக்கிற வேலையில் இருந்தாள். இவர் கண்ணாடி மாற்ற வந்தவர், வேலை முடிந்த பிறகும் போகாமல் நின்று, "முள்ளு ரெண்டு கோட்டுக்கு நடுவுல நின்னா என்ன எழுதுவீங்க?" என்று கேட்டார். "எங்க நிக்குதோ அத எழுதுவேன்" என்று பட்டென்று சொன்னாள். அந்தப் பதிலுக்காகத்தான் இவளைக் கட்டிக்கொண்டேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வேறு நல்ல காரணம் ஒன்றும் இல்லையா என்று அவள் பொய்க்கோபம் காட்டுவாள். உள்ளுக்குள் அந்தக் காரணம் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

பட்டறை கீழே, வீடு மேலே. முன்னறையில் அவளுடைய தம்பி வால்வு உட்காருகிற சீட்டுகளைக் கடைகிற மெஷினை வைத்துக்கொண்டு, வருகிறவர்களோடு வாய் பேசுகிற வேலையையும் சேர்த்துப் பார்த்தான். நாற்பது தாண்டியும் வாய் மட்டும் ஓயவில்லை. பின்னறையில் கிரைண்டரும் பெஞ்சும். பெஞ்ச் என்றால் உட்காருகிற பெஞ்ச் இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு பலகைப் பெட்டி, உள்ளே எட்டு மோட்டார். மேலே ஹெட்டை மாட்டி மோட்டாரைப் போட்டால், எஞ்சின் இழுப்பது போலவே போர்ட் வழியாகக் காற்றை இழுக்கும். இழுபடுகிற காற்றின் அளவுக்கு ஏற்ப, சாய்ந்த கண்ணாடிக் குழாயில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் ஏறும். அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று படித்துச் சொல்வதுதான் அவள் வேலை.

முதலில் அவரேதான் படித்துக்கொண்டிருந்தார். அந்த முதல் வருஷத்தில் ஒரு விஷயம் அவருக்குப் பிடிபட்டது. நன்றாக வர வேண்டும் என்று ஆசைப்பட்ட ஹெட்டையெல்லாம் அவர் அரைக் கோடு கூட்டியே படித்திருந்தார். வேண்டுமென்று இல்லை, கண் அப்படிப் பார்த்தது. அன்றைக்கே அறைக்கு நடுவில் தடுப்பு வைத்து, கண்ணாடி போட்டு, பேசுவதற்குச் சின்ன ஜன்னல் ஒன்று விட்டு, குழாயை அந்தப் பக்கம் கொண்டுபோய் அவளை அதன் முன்னால் உட்கார வைத்தார்.

"வெட்டுறவன் அளக்கக் கூடாது. கை ஆசப்பட்டா கண்ணும் ஆசப்படும்" என்றார்.

இருபத்தாறு வருஷமாக அதுதான் அந்தப் பட்டறையின் சட்டம். மோட்டார் ஓடும்போது அவர் தடுப்பைத் தாண்டி வந்ததே கிடையாது. அவளுக்கும் ஒரு சட்டம் இருந்தது. போர்ட்டின் வாயைச் சுற்றிக் களிமண்ணை உருட்டி வளையம் மாதிரி ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் கூரான விளிம்பில் காற்று தடுக்கி விழும், எண் ஏழெட்டுக் குறைந்துவிடும். "களிமண் வெச்சாச்சா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்காமல் அவள் ஒருநாளும் மோட்டாரைப் போட்டதில்லை. அக்கா தூக்கத்திலும் அதைத்தான் கேட்பாள் என்று தம்பி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்க வைப்பான். வேறு ஊரில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிற மகள்கூட போனில் பேச்சை முடிக்கும்போது, "சரிம்மா, களிமண் வெச்சாச்சு, வெக்கறேன்" என்பாள்.

முதலில் சட்டைப் பொத்தானில்தான் தெரிந்தது. "பொத்தான் ஓட்டைய இப்பல்லாம் சின்னதா வெக்கறான்" என்று சொல்லிக்கொண்டு காலையில் அவள் முன்னால் வந்து நின்றார். அவளும் போட்டுவிட்டாள். பிறகு டீ டம்ளர் நழுவியது. ஒரு குளிர்நாளில் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். நான்கு விரலும் நடுக்கணு வரைக்கும் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்திருந்தன. ஊசியால் குத்தினாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷம் கிரைண்டர் அதிர்ந்த கை. நரம்பு போயிருக்கு" என்றார் டாக்டர்.

"வேலைய விட்டா திரும்புமா?" என்று அவள்தான் கேட்டாள்.

"மேல கெடாம இருக்கும். போனது போனதுதான்."

வெளியே வந்ததும், "டாக்டருக்கு என்ன தெரியும், அவரு என்ன போர்ட்டா வெட்டறாரு" என்றார். அன்று சாயங்காலமே மறுபடி கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டார்.

அந்த வாரம் ஒரு நாலு சிலிண்டர் ஹெட் வந்தது. முதல் இரண்டு போர்ட்டும் சரியாக வந்தன. மூன்றாவதில் ஆறு குறைந்தது. சொன்னாள். கழற்றி, விரலை விட்டு, வெகுநேரம் தடவிவிட்டுச் சீவினார். மறுபடி மாட்டினார். எட்டுக் குறைந்தது. சொன்னாள். இந்தத் தடவை விரலை விட்டு எடுத்து, விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று அவள் பார்த்ததே இல்லை. வழி தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர் மாதிரி நின்றார். மூன்றாவது முறை மாட்டியபோது தண்ணீர் இன்னும் கீழேதான் நின்றது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. முதல் இரண்டு போர்ட்டின் எண்ணையே ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

அவர் மூச்சு விட்டது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. "பாத்தியா, விரல் அப்படியேதான் இருக்கு" என்றார்.

ஒரே ஒரு தடவை என்று அவள் நினைத்தாள். இப்படி நினைக்காமல் யார்தான் ஆரம்பிக்கிறார்கள்? நாலாவது போர்ட்டுக்கும் சொல்ல வேண்டி வந்தது, அடுத்த ஹெட்டுக்கும் சொல்ல வேண்டி வந்தது. எட்டு மாதத்தில் நோட்டுப் பக்கங்கள் அழகழகாக நிறைந்தன. உண்மையான எண்ணை அவள் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே மறக்க மாட்டேன் என்றது. பாத்திரம் கழுவும்போதும் மாடிப்படி ஏறும்போதும் ஏதாவது ஒரு ஹெட்டின் நிஜ எண் வந்து முன்னால் நின்றது.

பொய் வெறும் பொய்யோடு நின்றிருந்தால்கூடப் பாவம் என்று விட்டிருக்கலாம். அது அவருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தது. மரத்துப்போன விரல் உள்வளைவைத் தன்னை அறியாமல் தாழ்த்திக்கொண்டே போனது. தாழ்த்தினாலும் நோட்டில் எண் குறையவில்லை. அவர் மூளை சும்மா இருக்குமா? ஒருநாள் சாப்பிடும்போது கரண்டியைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அவளுக்கும் தம்பிக்கும் விளக்கினார்.

"இந்தக் கரண்டியோட முதுகு மாதிரி மேடா இருக்கணும்னுதான் முப்பது வருஷமா நெனச்சுட்டு இருந்தேன். தப்பு! மேட்டக் கொறச்சுத் தரையத் தாழ்த்தினாலும் காத்து திரும்புது. நம்ம நோட்டே சொல்லுது. போர்ட்ட இன்னும் பெருசாக்கலாம்."

"பெருசாக்கலாமா? இவ்ளோ நாளா அக்கா எல்லாரையும் அடிக்காத கொறையா வெரட்டினாளே, மாமா!" என்றான் தம்பி.

"அதான் மச்சான், தெரியாமப் பேசிட்டு இருந்திருக்கோம்." அவர் முகம் அப்படி மலர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. எந்த மடத்தனத்தை இத்தனை காலம் வாசலிலேயே விரட்டினாளோ, அதை அவளே வீட்டுக்குள் கூட்டிவந்து அவர் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறாள்.

போன ஹெட்டுகள் வாய் பேச ஆரம்பித்தன. வண்டி இழுக்கவில்லை, ஏற்றத்தில் திணறுகிறது என்று ஆட்கள் வந்தார்கள். தம்பி எல்லாப் பழியையும் கார்பரேட்டர் தலையில் கட்டி அனுப்பினான். மூன்றாவது ஆள் போன பிறகு அவளிடம் வந்து, "அக்கா, நம்பர் சரியாத்தான வருது?" என்று கேட்டான்.

"என் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று எரிந்து விழுந்தாள். அவன் முகம் சுண்டிப்போய்த் தன் மெஷினுக்குப் போய்விட்டான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

அந்தச் சமயத்தில்தான் எஞ்சின் கம்பெனியின் இன்ஜினியர் வந்தார். மரியாதையான மனுஷன். சின்ன எஞ்சின் ஒன்று புதிதாகச் செய்கிறார்களாம். அதன் போர்ட்டை விரல்காரர் கையால் ஒன்று வெட்டித் தர வேண்டும். அந்த வடிவத்தை மெஷின் படித்து வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளும்.

"ஒண்ணே ஒண்ணு போதும் சார். அது நல்லா வந்துச்சுன்னா அப்புறம் நீங்க கிரைண்டரத் தொட வேணாம். எங்ககூட உக்காந்து எந்த எடத்துல எவ்ளோன்னு சொன்னாப் போதும், மாசாமாசம் சம்பளம்" என்றார் இன்ஜினியர்.

கிரைண்டரைத் தொட வேண்டாம் என்ற வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டாள். ஒரு ஹெட். அது நன்றாக அமைந்துவிட்டால் அந்தக் கைக்கு ஓய்வு, அவள் வாய்க்கும் ஓய்வு. இந்த ஒன்றுக்கு மட்டும் தண்ணீர் நிற்கிற கோட்டையே சொல்வது என்று முடிவு கட்டினாள். குறைந்தால் குறைந்தது என்று சொல்ல வேண்டும். அவர் யோசிப்பார், மேட்டைத் தொடாமல் விடுவார், பழைய வழிக்குத் திரும்புவார். அப்படித்தான் கணக்குப் போட்டாள்.

கம்பெனி கொடுத்தது ஒரே ஒரு ஹெட், ஒரே ஒரு போர்ட். கை வைப்பதற்கு முன்னால் அளந்தார்கள்: நூற்றுப் பதினெட்டு. நான்கு நாள் வெட்டினார். மாட்டினார். "களிமண் வெச்சாச்சா?" "வெச்சாச்சு." மோட்டாரைப் போட்டாள். அவர் திருகைத் திருகத் திருக, வால்வு பாதி திறக்கும்வரை தண்ணீர் ஒழுங்காக ஏறியது. அதற்கு மேல் குழாயில் படபடவென்று ஆடியது. காற்று சுவரை விட்டுப் பிய்ந்துவிட்டால் தண்ணீர் அப்படித்தான் ஆடும். முழுசாகத் திறந்தபோது நூற்றுப் பதினொன்றில் நின்றது.

"நூத்திப் பதினொண்ணு" என்றாள்.

அவர் சிரித்தார். "இதே வடிவம் போன மாசம் இன்னொரு ஹெட்டுல நூத்தி இருபத்தாறு குடுத்துச்சு. களிமண் எங்கயோ விட்டிருக்கு, இரு."

புதிதாக ஒட்டினார். மறுபடியும் நூற்றுப் பதினொன்று. மறுபடியும் சொன்னாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது: எட்டு மாதமாக அவள் சொன்னதெல்லாம் அவருக்கு உண்மை, இன்றைக்குச் சொல்வதுதான் கோளாறு. "பெஞ்சுல எங்கயோ லீக்" என்று சொல்லிவிட்டு, அவர் சோதனைத் தகட்டை எடுத்தார்.

அது ஒரு வட்டத் தகடு. நடுவில் துல்லியமாகத் துளைத்த ஒரு துவாரம். பெஞ்ச் சரியாக இருந்தால் அந்தத் தகட்டில் நூறு காட்ட வேண்டும். நூறுக்குக் குறைந்தால் பெஞ்சில் லீக். பட்டறையில் யார் பொய் சொன்னாலும் அந்தத் தகடு சொல்லாது. அவர் அதைப் பெட்டியின் மேல் வைத்து நட்டு முடுக்கினார். நட்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோது கண்ணாடி வழியாக அவளைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி எடுத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மோட்டாரைப் போட்டாள். தண்ணீர் மயிரிழை பிசகாமல் நூறில் போய் நின்றது.

நூறு என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் பெஞ்ச் சரி என்று ஆகிவிடும். பெஞ்ச் சரி என்றால் போர்ட் தப்பு, விரல் தப்பு, கரண்டியைக் கவிழ்த்து வைத்துச் சந்தோஷப்பட்டது தப்பு. அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெளுத்த விரல்களைக் கோர்த்துக்கொண்டு நின்றார்.

"தொண்ணூத்தி ரெண்டு" என்றாள்.

"லீக்! நான் சொல்லல?" என்று துள்ளினார் அவர்.

இரண்டு நாள் பெஞ்சைப் பிரித்தார். தன் கையால் செய்த பெட்டியைப் பலகை பலகையாகக் கழற்றி, இல்லாத ஓட்டையைத் தேடி, எல்லா மூட்டுக்கும் பசை பூசினார். ஸ்குரூ விழுந்து விழுந்து உருண்டது. அவள் தரையில் மண்டி போட்டுத் தேடித் தேடிப் பொறுக்கிக் கொடுத்தாள். ஒவ்வொரு ஸ்குரூவைக் கொடுக்கும்போதும் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் பூட்டி முடித்துத் தகட்டை மாட்டினார். "நூறு" என்றாள், அது உண்மை. ஹெட்டை மாட்டினார். தண்ணீர் நூற்றுப் பதினொன்றில் ஆடி நின்றது.

"நூத்தி இருபத்தாறு" என்றாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அலுப்பாக இருந்தது, படுத்தால் எழ முடியாத அலுப்பு.

பதினைந்து நாள் கழித்து இன்ஜினியர் ஹெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "எங்க டெஸ்ட்டுல நூத்திப் பதினொண்ணுதான் சார் வருது. தொடாம இருந்தப்பவே நூத்திப் பதினெட்டு இருந்துச்சு" என்றார், தன் மேல்தான் தப்பு என்பது போல.

"உங்க பெஞ்சுல லீக் இருக்கும். எங்களுக்கும் இருந்துச்சு, ரெண்டு நாள் பிரிச்சுப் போட்டேன்" என்றார் விரல்காரர். நோட்டை எடுத்துவந்து அவள் கையெழுத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். "இருபத்தாறு வருஷமா இவதான் படிக்கறா. கோட்டுக்கு நடுவுல நின்னா நடுவுலன்னுதான் எழுதுவா. உலகமே மாத்திச் சொன்னாலும் நான் இவளத்தான் நம்புவேன்."

தம்பி தன் மெஷினை நிறுத்திவிட்டுக் கதவருகில் வந்து நின்றான். இன்ஜினியர் தயங்கினார். பிறகு, "இங்கயே ஒரு தடவ போட்டுப் பாத்துரலாமா? நான் மேடம் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார். "தாராளமா!" என்றார் விரல்காரர்.

அவள் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்தாள். இன்ஜினியரின் முழங்கை அவள் முழங்கையில் இடித்தது. அவர் கண்ணும் அதே குழாயில் இருந்தது. முதலில் தகடு: நூறு. பிறகு ஹெட். "களிமண் வெச்சாச்சா?" "வெச்சாச்சு!" என்றார் விரல்காரர் தெம்பாக. தண்ணீர் ஏறியது, படபடவென்று ஆடியது, நின்றது.

"எவ்ளோ?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"நூத்திப் பதினொண்ணு."

"என்னது? இன்னொரு தடவ சொல்லு."

"நூத்திப் பதினொண்ணுங்க. முன்னயும் அதான் வந்துச்சு. பெஞ்சுல லீக்கே இல்ல."

அவர் கையை நீட்டித் தன் பக்கத்து ஸ்விட்சை அணைத்தார். இன்ஜினியர் எழுந்து, இரண்டு பேரையும் பார்க்காமல் பழைய வடிவத்தையே வைத்துக்கொள்வதாக மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள் என்று சொல்லி, ஹெட்டைக்கூட எடுக்காமல் போய்விட்டார். தம்பி வாசல் வரைக்கும் அவர் கூடப் போனவன் திரும்பி வரவில்லை.

திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் ஜன்னல் வழியாக நோட்டை நீட்டினார்.

"எதுலேர்ந்து?" என்று கேட்டார்.

பக்கத்தைப் புரட்டி, அந்த நாலு சிலிண்டர் ஹெட்டின் மூன்றாவது போர்ட்டில் விரலை வைத்தாள். "இதுலேர்ந்து."

"இதுக்கு முன்னாடி எழுதினது?"

"எல்லாம் உண்மைங்க. சத்தியமா. ஒரு கோடுகூட மாத்தினதில்ல."

"ம்" என்றார். "அது எனக்கு எப்படித் தெரியும்?"

கோபமாகக் கேட்கவில்லை. போர்ட்டைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரி, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். அவர் அறிந்த காற்றெல்லாம் இருபத்தாறு வருஷமாக அவள் வாய் வழியாகத்தான் அவரிடம் வந்திருந்தது.

அதற்குப் பிறகு அவர் கிரைண்டரை எடுக்கவில்லை. தம்பியின் வால்வு சீட்டு வேலையில் வீடு ஓடியது. காலையில் பொத்தான் போடச் சொல்லி வந்து நிற்பார், போட்டுவிடுவாள், "சரி" என்பார். பகலெல்லாம் பழைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு பக்கத்தில் நிற்பார், அடுத்ததைப் புரட்டுவார், திரும்பி வருவார். எதைத் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரியும். பொய்யின் எழுத்தும் உண்மையின் எழுத்தும் ஒரே மாதிரிதான் இருந்தன.

மூன்று வாரம் பொறுத்தாள். ஒரு நாள் மதியம், அலமாரியின் மேல்தட்டில் இருந்த பழைய ஹெட்டை இறக்கித் தூசி துடைத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் வெட்டி அவள் அளந்த முதல் ஹெட் அது. விற்க மனமில்லாமல் வைத்திருந்தார்கள். முதல் நோட்டின் முதல் பக்கத்தில் நூற்று முப்பத்திரண்டு என்று எழுதியிருந்தது.

"இத மாட்டிப் பாருங்க. நான் படிக்கல, நீங்களே படிங்க. அதுல இருக்கற நம்பர் வந்தா, நான் ஆரம்பத்துல சொன்னதெல்லாம் உண்மைன்னு தெரிஞ்சுரும்ல?"

"வெட்டுறவன் அளக்கக் கூடாது" என்றார்.

"அதெல்லாம் போதும். வாங்க."

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தடுப்பைத் தாண்டிப் போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் இந்தப் பக்கம் நின்று ஹெட்டைப் பெட்டி மேல் வைத்து நட்டுகளை முடுக்கினாள். வால்வைத் திறக்கிற திருகைப் பத்து மில்லிமீட்டர் வரை திருகினாள். தலையை ஆட்டினாள், அவர் மோட்டாரைப் போட்டார். இந்தப் பக்கத்தில் இவ்வளவு இரைச்சல் என்று அவளுக்கு இத்தனை வருஷம் தெரியாது. கண்ணாடிக்கு அப்பால் அவர் குழாயின் மேல் குனிந்தார். நோட்டைப் பார்த்தார். மறுபடி குழாயைப் பார்த்தார்.

"நூத்தி முப்பத்திரண்டு" என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்.

அவள் மேஜையில் கையை ஊன்றினாள். கையில் ஈரத்துணி தட்டுப்பட்டது. அந்தத் துணிக்குள் களிமண் உருண்டை, பிரிக்காமல், அப்படியே இருந்தது.

போர்ட்டின் வாயைப் பார்த்தாள். வெறும் உலோகம், கூரான விளிம்பு. களிமண் வைத்தாச்சா என்று கேட்க அந்தப் பக்கம் அவள் இல்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. இந்த நிலையில் அந்த ஹெட் நூற்று இருபத்தைந்தைத் தாண்டியிருக்காது. அவர் குழாயில் எதைப் பார்த்தாரோ, பார்த்ததை விட்டுவிட்டு நோட்டில் இருந்ததைப் படித்திருக்கிறார். அவளைச் சமாதானப்படுத்த அவரிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை. இனி இந்த வீட்டில் யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அது ஒருவரையொருவர் தட்டிக்கொடுப்பதாகத்தான் இருக்கும், எண்ணாக இருக்காது.

மோட்டார் சத்தம் அடங்கியது.

"கரெக்டாத்தான் எழுதியிருக்க" என்றார் அவர்.

அவள் களிமண்ணைத் துணியோடு எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"நான்தான் சொன்னேன்ல" என்றாள்.